வேலை செய்யுது சரி, வேலைக்கு ஆகுமா? கடைக்கு வாங்கும் மென்பொருளைச் சோதித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

மயிலாடுதுறை பக்கத்தில் என் மாமாவுக்கு ஒரு மளிகைக் கடை இருக்கிறது. முப்பது வருஷமாகத் துண்டுச்சீட்டில் கணக்குப் போட்டே ஓடிய கடை. 2025 ஆடி மாதம் யாரோ சொன்னார்கள் என்று ஒரு பில்லிங் மென்பொருள் வாங்கினார். டெமோ காட்ட வந்த பையன் மடிக்கணினியில் நாலு பொருளைத் தட்டினான், சர்ரென்று பில் வந்தது, மாமா அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டார். ஆகஸ்ட் முதல் தேதி கடையில் அதைப் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது.

மென்பொருள் எங்கேயும் நிற்கவில்லை, தப்பாகக் கூட்டவும் இல்லை. நடந்தது இதுதான்: ஒரு அம்மா பாதி பில்லில் "ஐயோ, தேங்காய் எண்ணெய் மறந்துட்டேன்" என்று உள்ளே போகிறார். பின்னால் நிற்பவர் காசை நீட்டுகிறார். பாதி பில்லை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த பில்லைத் திறக்க அந்த மென்பொருளில் வழியே கிடையாது. ஒன்று மொத்தத்தையும் ரத்து செய்ய வேண்டும், இல்லை எல்லோரும் நிற்க வேண்டும். துண்டுச்சீட்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை, சீட்டைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தால் முடிந்தது.

நான் சென்னையில் பதினோரு வருஷமாக மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிறேன். மாமா ராத்திரி போன் செய்து, "மாப்ள, வேல செய்யுதுடா, ஆனா வேலைக்கு ஆவல" என்றார். எங்கள் ஆபீஸில் இதை விளக்க நாற்பது ஸ்லைடு போடுவார்கள்.

அடுத்த இரண்டு மாதம் வார இறுதிகளில் ஊருக்குப் போய் அந்த மென்பொருளை முறையாகச் சோதித்தோம். அதை அப்படியே வரிசையாக எழுதுகிறேன். கடை இடத்தில் கிளினிக், பள்ளிக்கூடம், பஞ்சாலை எதை வைத்துக்கொண்டாலும் படிகள் மாறாது.

படி 1: மென்பொருளைத் தொடாமல் முதலில் கல்லா பக்கத்தில் உட்காருங்கள்

"உங்களுக்கு என்னென்ன வசதி வேணும்?" என்று கேட்டுக்கொண்டு போகாதீர்கள். தினமும் கை தானாகச் செய்கிற காரியத்தை யாரும் ஒரு தேவையாக நினைத்துச் சொல்ல மாட்டார்கள். மாமாவிடம் கேட்டதற்கு, "பில் போடணும், ஸ்டாக் தெரியணும், வேற என்ன" என்றார். அதே கடையில் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தபோது என் நோட்டில் ஏறியது வேறு கதை.

கல்லாவில் இருக்கும் அக்கா அந்த இரண்டு மணி நேரத்தில் பதினோரு தடவை பாதி பில்லை நிறுத்தி வைத்தார். ஆறு பேர் எடை சொல்லாமல் காசு சொன்னார்கள்: "இருபது ரூபாய்க்குத் துவரம் பருப்பு." மென்பொருளோ எத்தனை கிராம் என்று கேட்கிறது, அக்கா மனதில் வகுத்துப் பார்த்துக் கிராமைத் தட்ட வேண்டும். பாக்கிக்காரர்கள் யாரும் தங்கள் பெயரில் கணக்கு வைத்திருக்கவில்லை. "டீக்கடை", "மாடி வீட்டு டீச்சர்", "லாரி செட்டு" என்றுதான் நோட்டில் இருக்கிறது, டீச்சருக்குப் பதில் அவர் பையன் வந்து வாங்கிப் போவான். மென்பொருளில் பாக்கிக் கணக்கு திறக்க பத்து இலக்கச் செல்பேசி எண் கட்டாயம். எண்ணைக் கேட்டால் லாரி செட்டுக்காரர் முறைக்கிறார்.

உட்காருவதற்கும் நேரம் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் எந்த மென்பொருளும் நன்றாகத்தான் தெரியும். மாதத்தின் முதல் வாரம் ஒரு சாயங்காலம், பண்டிகைக்கு முந்தின நாள் ஒன்று, கடை அடைக்கும் நேரம் ஒன்று, இந்த மூன்றையும் விடாதீர்கள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுவார்கள், கல்லாப் பணமும் கணக்கும் மோதுகிற நேரம் அதுதான்.

அப்புறம், பயனர் என்றால் திரை முன்னால் இருப்பவர் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பில்லைப் பார்த்துச் சாமான் எடுத்துக் கட்டுகிற பையன் ஒருத்தன் இருக்கிறான், அவனுக்கு எழுத்து பெரிதாக இருந்தால் போதும். மாமா ராத்திரி மட்டும் பார்ப்பார், அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். ஆடிட்டர் மாதம் ஒருமுறை. அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கை வரித்துறைக்குப் போட அவருக்கு வேண்டிய விவரம் அவர் கேட்கிற வடிவத்தில் வராவிட்டால், அந்த மென்பொருள் கடையில் எவ்வளவு அழகாக ஓடினாலும் பத்தாம் தேதி ராத்திரி யாராவது உட்கார்ந்து கையால் தட்ட வேண்டியதுதான்.

படி 2: பேச்சை அளக்கக்கூடிய வரியாக மாற்றுங்கள்

"பில் சீக்கிரம் வரணும்" என்பதைச் சோதிக்க முடியாது. வந்துவிட்டது என்று கம்பெனிக்காரர் சொல்வார், வரவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள், சண்டைதான் மிச்சம். யார், எந்த நிலைமையில், எதை, எவ்வளவுக்குள் என்ற நான்கும் வருகிற மாதிரி எழுதுங்கள். நாங்கள் எழுதியது:

"கல்லாவில் இருப்பவர், சாயங்கால நெரிசலில், பார்கோடு உள்ள 10 பொருளும் லூஸ் பொருள் 3ம் சேர்ந்த ஒரு பில்லை, முதல் பொருளிலிருந்து அச்சாகி வரும் வரை 1 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பத்து பில்லில் குறைந்தது ஒன்பது அப்படி முடிய வேண்டும்."

அந்த ஒரு நிமிடம் எங்கிருந்து வந்தது? அக்கா துண்டுச்சீட்டில் அதே அளவு பில்லைப் போடும்போது கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், ஒன்றே கால் நிமிடம் ஆனது. புதிது பழையதை விட மோசமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. எண்ணைக் காற்றிலிருந்து பிடிக்காதீர்கள், இப்போது எப்படி நடக்கிறது என்று அளந்து அதிலிருந்து எடுங்கள்.

இப்படி முப்பத்திரண்டு வரி வந்தது. எல்லாமே முக்கியம் என்று மாமா சொன்னார் (எல்லா முதலாளியும் அப்படித்தான் சொல்வார்கள்). அதனால் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: "இது இல்லாவிட்டால் நாளைக் காலையில் கடையைத் திறக்க முடியுமா?" முடியாது என்றால் முதல் கட்டு. திறக்கலாம், ஆனால் யாராவது கூடுதலாக உழைக்க வேண்டும் என்றால் இரண்டாவது கட்டு. இருந்தால் நன்றாக இருக்கும் என்பது மூன்றாவது. முதல் கட்டில் ஒன்பது வரிதான் நின்றது. பில்லை நிறுத்தி வைப்பது அதில் ஒன்று. டெமோவில் அரை மணி நேரம் காட்டிய வண்ண வண்ண விற்பனை வரைபடங்கள் மூன்றாவது கட்டில்கூட வரவில்லை.

படி 3: ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி

மென்பொருளின் தரத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று ஐஎஸ்ஓ 25010 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. 2011இல் வந்தபோது எட்டுக் குணங்கள், 2023இல் திருத்தியபோது பாதுகாப்பான இயக்கம் என்பதையும் சேர்த்து ஒன்பது ஆக்கினார்கள். முழுவதையும் படிக்க வேண்டாம். முதல் குணம் ஒன்று போதும், அது செயல்பாட்டுப் பொருத்தம். அதற்குள் மூன்று துண்டு: தேவையான வேலை எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறதா, விடை சரியாக வருகிறதா, அந்த வேலையை முடிக்க அந்த வழி உண்மையிலேயே உதவுகிறதா.

முதல் கேள்விக்கு நோட்டும் பேனாவும் போதும். இடப்பக்கம் உங்கள் வரிகள், வலப்பக்கம் மென்பொருளில் அதற்கான இடம். காலியாக நிற்கும் வரிகள்தான் ஓட்டை. தலைகீழாகவும் ஒரு தடவை பாருங்கள், எந்த வரியிலும் சேராமல் மென்பொருளில் என்னென்ன இருக்கிறது என்று. வேண்டாத வசதி சும்மா கிடந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். 1996 ஜூன் 4ஆம் தேதி ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பிச் சுமார் 40 விநாடியில் நிலைதடுமாறிச் சிதறியதற்குக் காரணம் அப்படிச் சும்மா கிடந்த ஒன்றுதான். ஏரியன் 4இலிருந்து அப்படியே எடுத்துப் போட்ட ஒரு சீரமைப்புக் கணக்கு, புறப்பட்ட பிறகு ஏரியன் 5க்கு அதனால் ஒரு பயனும் இல்லை, ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது. புதிய ராக்கெட் பக்கவாட்டில் அதிக வேகமாகப் போனதால் ஒரு எண் 16 பிட் இடத்தில் அடங்காமல் வழிந்து, திசை காட்டும் அமைப்பே நின்றுபோனது. பழைய ராக்கெட்டில் அதே கணக்கு ஒழுங்காகத்தான் ஓடியது.

இரண்டாவது கேள்விக்கு படி 5இல் வருகிறேன். மூன்றாவதுதான் மாமா சொன்ன "வேலைக்கு ஆவல". "இருபது ரூபாய்க்குப் பருப்பு" விவகாரம் இந்த ரகம். பில் போட வழி இருக்கிறது, விடை சரியாகவும் வருகிறது, ஆனால் கிராமைக் கண்டுபிடிக்கிற வேலையைக் கணினி மனிதனிடம் தள்ளிவிடுகிறது. சோதனை அறிக்கையில் இது பாஸ் என்று போகும், கடையில் ஃபெயில்.

படி 4: உண்மையான சரக்குப் பட்டியலைப் போடுங்கள்

"டெஸ்ட்1, டெஸ்ட்2, ஏபிசி" என்று பொருள் பெயர் போட்டுச் சோதித்தால் ஏபிசி கடை நடத்துகிறவருக்குத்தான் பயன். கடையில் இருக்கும் பட்டியலை, பிழையும் குழப்பமுமாக இருக்கிறபடியே ஏற்றுங்கள். தமிழில் பெயர் இருந்தால் இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் எழுதிய கம்பெனி தமிழ்நாட்டிலேயே இருந்தாலும் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரில்தான் சோதித்திருப்பார்கள்.

நாங்கள் முதலில் பார்த்தது நீளம். "நெல்லிக்காய் ஊறுகாய்" என்று எண்ணினால் பத்து எழுத்து. யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுத்துக் கணினியில் வைக்கும் பொதுமுறை) புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறி, அதனால் இடைவெளியையும் சேர்த்து இருபது குறி. யூடிஎஃப்-8 என்ற வழக்கமான முறையில் சேமித்தால் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் (கணினியில் இடத்தை அளக்கும் சிறு அலகு), இடைவெளிக்கு 1, ஆக 58 பைட். மென்பொருளில் பொருள் பெயருக்கு 40 பைட்தான் ஒதுக்கியிருந்தார்கள். பில்லில் அச்சாகி வந்தது "நெல்லிக்காய் ஊ". அக்கா அதைப் பார்த்து அரை மணி நேரம் சிரித்தார். இதே இடம் ஆங்கிலத்தில் நாற்பது எழுத்துக்குத் தாராளம், அதனால்தான் அவர்கள் கண்ணில் படவேயில்லை.

அடுத்தது தேடல். "கொத்தமல்லி"யில் வரும் கொ-வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். இரண்டையும் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று யூனிகோடே சொல்கிறது, ஆனால் மென்பொருள் எழுதியவர் அதைச் செய்திருக்க வேண்டுமே. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியலில் ஒரு விதமும் புதிதாகத் தட்டியதில் இன்னொரு விதமும் இருந்தால், கண் எதிரே இருக்கும் கொத்தமல்லியைத் தேடினால் "பொருள் இல்லை" என்று வரும். எங்களுக்கு வந்தது. "சௌசௌ" இதைவிடக் குறும்பு: ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ள-வும் சேர்த்துத் தட்டியிருப்பார்கள், பார்க்க வித்தியாசமே தெரியாது, ஆனால் இது எழுத்துப்பிழை, யூனிகோடும் காப்பாற்றாது. மென்பொருளைக் குற்றம் சொல்லாமல் பட்டியலைத் திருத்த வேண்டியதுதான்.

அகர வரிசையையும் ஒரு பார்வை பாருங்கள். வெறும் குறி எண்படி அடுக்கினால் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து வந்துவிடும், அதனால் "அன்னாசி" முதலில், "அரிசி" அப்புறம், "அவல்" கடைசி. நம் வரிசைப்படி அன்னாசிதான் கடைசியில் வர வேண்டும். இது இரண்டாவது கட்டுப் பிழைதான், உயிர் போகாது.

பட்டியலில் சேர்க்க மறக்கக் கூடாத இன்னொன்று, ஒரே பார்கோடில் இரண்டு எம்ஆர்பி. பழைய சோப்பு 38 ரூபாய், புதிய லோடு 42 ரூபாய், பார்கோடு மாறவில்லை. ஸ்கேன் செய்ததும் எந்த விலை என்று கேட்க வேண்டும். கேட்காமல் கடைசியாக ஏற்றிய விலையைப் போட்டால், அட்டையில் 38 என்று அச்சடித்த சோப்பை 42க்கு விற்றதாகும், அதற்கு எடையளவுத் துறைக்காரர் வந்து நிற்பார்.

படி 5: ஓரத்தில் தட்டுங்கள்

பிழைகள் நடுவில் இருப்பதில்லை, எல்லைகளில் இருக்கும். ஐந்து கிலோ அரிசி சரியாக வந்தால் ஆறு கிலோவும் வரும், அதை இருபது தடவை சோதிப்பது நேர விரயம். எங்கே விதி மாறுகிறதோ அங்கே போங்கள்.

அரிசிக்கு விதி மாறும் இடம் நமக்கெல்லாம் தெரியும். 2022 ஜூலை 18 முதல் பெயர் அச்சிட்டுக் கட்டிய அரிசிப் பைக்கு, 25 கிலோ வரை, 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேல் எடையுள்ள சிப்பத்துக்கு வரி இல்லை. ஆலைகள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்த ரகசியம் அதுதான். அதே மூட்டையைப் பிரித்துக் கடைக்காரர் லூஸாக அளந்து கொடுத்தால் அதற்கும் வரி இல்லை. ஆக நான்கு சோதனை: 10 கிலோ பை, சரியாக 25 கிலோ பை, 26 கிலோ சிப்பம், லூஸ் 25 கிலோ. முதல் இரண்டில் வரி வர வேண்டும், பின் இரண்டில் வரக் கூடாது.

எங்கள் மென்பொருள் நான்குக்கும் வரி போட்டது. அரிசியின் எச்எஸ்என் குறியீடு (சரக்கு வகையைக் குறிக்கும் எண்) 1006, அந்தக் குறியீட்டோடு 5 சதவீதத்தைக் கட்டி வைத்துவிட்டார்கள். விதி குறியீட்டை மட்டும் பார்ப்பதில்லை, பையையும் எடையையும் சேர்த்துப் பார்க்கிறது என்பது எழுதியவருக்குத் தோன்றவில்லை. 25 கிலோவை மட்டும் சோதித்திருந்தால் பாஸ் போட்டுவிட்டு வந்திருப்போம்.

அப்புறம் பைசா. வரி உள்ளடங்கிய விலை 38 ரூபாய், வரி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 38ஐ 1.05ஆல் வகுத்தால் 36.19. அதில் மத்திய வரி இரண்டரை சதவீதம் 0.90, மாநில வரி 0.90. கூட்டினால் 37.99. ஒரு பைசா காணோம். மூன்று தொகையையும் தனித்தனியாக இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கினால் இப்படித்தான் ஆகும். மொத்தத்தில் ரூபாயாக முழுமையாக்கிவிடுவதால் வாங்குபவருக்குத் தெரியாது, மாதக் கடைசியில் ஆடிட்டருக்குத் தெரியும். 45 ரூபாயில் இந்தப் பிழை வராது, போட்டுப் பாருங்கள். அதனால் ஒரே விலையில் சோதித்துவிட்டுத் திருப்திப்படாமல், 1 ரூபாயிலிருந்து 100 ரூபாய் வரை நூறு விலையையும் ஒரு விரிதாளில் போட்டு மென்பொருள் சொல்லும் விடையோடு ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலை.

தேதியும் ஒரு எல்லைதான். நாங்கள் சோதித்துக்கொண்டிருந்தபோதே 2025 செப்டம்பர் 22 வந்தது, சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கியது. விலையை மாற்ற எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் 20ஆம் தேதி வாங்கிய சோப்பு அட்டையை ஒருத்தர் 24ஆம் தேதி திருப்பிக் கொண்டுவந்தால்? பழைய பில்லில் போட்ட 18 சதவீதத்தைத்தான் திருப்பிக் கழிக்க வேண்டும். மென்பொருள் 5ஐக் கழித்தது. விகிதத்தைப் பொருளோடு சேர்த்து ஒரே இடத்தில் வைத்து, மாறும்போது பழையதன் மேலேயே எழுதிவிடுகிறார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று வைத்திருக்க வேண்டும். அடுத்த வரி மாற்றம் வரும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம், சோதனைக்கென்று ஒரு பொருளை உருவாக்கி, விற்று, விகிதத்தை மாற்றி, ரிட்டன் போட்டுப் பாருங்கள்.

மாநில எல்லையும் உண்டு. மயிலாடுதுறையிலிருந்து காரைக்கால் கூப்பிடு தூரம், ஆனால் அது புதுச்சேரி. அங்கே இருக்கும் ஓட்டலுக்கு நாம் வண்டியில் சரக்கு அனுப்பினால் மத்திய, மாநில வரி என்று பிரியாமல் ஐஜிஎஸ்டியாக வர வேண்டும். ஓட்டலின் ஜிஎஸ்டி எண் 34இல் தொடங்கும், நம்முடையது 33. பதினைந்து எழுத்துள்ள அந்த எண்ணில் ஒன்றை வேண்டுமென்றே தப்பாகத் தட்டிப் பாருங்கள். கடைசி எழுத்து சரிபார்ப்பதற்கென்றே இருப்பது, நல்ல மென்பொருள் அங்கேயே பிடித்துவிடும்.

படி 6: கரண்டைப் பிடுங்குங்கள்

நிஜமாகவே பிடுங்குங்கள். ஏழாவது பொருளை ஸ்கேன் செய்யும்போது பிளக்கை உருவிவிட்டு, திரும்பப் போட்டு, அந்த ஏழும் இருக்கிறதா என்று பாருங்கள். நெட்டை அணைத்துவிட்டு பில் போடுங்கள். அச்சு பாதியில் பேப்பர் ரோல் தீர்ந்தால் திரும்ப அடிக்க முடிகிறதா, அடித்தால் ஸ்டாக்கில் இரண்டு தடவை கழிகிறதா? இரண்டு கணினி இருந்தால் கடைசி ஒரு பாக்கெட்டை இரண்டிலும் ஒரே நேரத்தில் விற்றுப் பாருங்கள்.

யூபிஐ தனிக் கவனம் கேட்கும். வாங்குபவர் போனில் பணம் போய்விட்டது, கல்லாத் திரையில் வரவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த நிலையில் அக்காவால் என்ன செய்ய முடிகிறது? நிலுவை என்று குறித்துவிட்டு அடுத்தவரைப் பார்க்க முடிய வேண்டும், பிறகு பணம் வந்ததும் அந்தப் பில்லோடு தானாகச் சேர வேண்டும். எங்களுக்கு அந்த வழி இல்லாமல், ரொக்கம் என்று போட்டுவிட்டு நகர்ந்தார், ராத்திரி கல்லாவில் 640 ரூபாய் துண்டு விழுந்தது.

வேகத்துக்கு ஒரு கைக்கணக்கு பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது: பத்தில் ஒரு விநாடிக்குள் வந்தால் உடனே வந்த மாதிரி தோன்றும், ஒரு விநாடி வரை நினைப்பு அறுபடாது, பத்து விநாடியைத் தாண்டினால் ஆள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். ஆனால் நூறு பொருள் ஏற்றிய மென்பொருளில் அளக்காதீர்கள். ஒரு வருஷத்து பில் சேர்ந்தால் எப்படி இருக்குமோ அந்த அளவு தரவை ஏற்றித் தரச் சொல்லி, அதில் அளந்து பாருங்கள்.

பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். வேறொரு கணினியில் அதைத் திருப்பி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், அங்கேதான் முகம் மாறும். பில்லை யார் ரத்து செய்யலாம், விலையை யார் மாற்றலாம் என்பதை அக்காவின் பெயரில் உள்ளே போய் ஒரு தடவை முயன்று பாருங்கள். தரவு முழுவதையும் எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள், நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாற நேர்ந்தால் அதுதான் கை கொடுக்கும்.

படி 7: வேலை செய்கிறவரே செய்யட்டும், நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள்

இதுதான் எனக்கு எப்போதும் கஷ்டமான படி. அக்கா தவறான பொத்தானைத் தேடுகிறார், விடை எனக்குத் தெரியும், நாக்கு துடிக்கிறது. சொல்லக் கூடாது. சொன்னால் சோதனை முடிந்தது, அது பயிற்சி வகுப்பாகிவிடும்.

அவர் கையில் கொடுத்தது மூன்று காரியம் மட்டும்: பாதி பில்லை நிறுத்தி வைத்து அடுத்ததைப் போடுங்கள், டீக்கடைப் பாக்கியில் 200 ரூபாய் வரவு வையுங்கள், நேற்று வாங்கிய ஒரு பொருளை ரிட்டன் எடுங்கள். (நிறுத்தி வைக்கும் வசதியை அதற்குள் கம்பெனியில் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள்.) எங்கே தயங்குகிறார், எத்தனை தடவை திரும்பிப் போகிறார், எதைச் சத்தமாகப் படிக்கிறார் என்று குறித்துக்கொண்டேன். நிறுத்தி வைக்கும் பொத்தானில் ஒரு கோப்புறைப் படம். அக்கா மூன்று நிமிஷம் தேடிவிட்டு, "தம்பி, இது பீரோ மாதிரி இருக்கு, உள்ள போனா திரும்பி வருமா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை அப்படியே எழுதி அனுப்பினேன், "பில்லை நிறுத்து" என்று தமிழில் பொத்தான் வந்தது.

படி 8: பிழையை எழுதுவதும் முடிவெடுப்பதும்

"தேடல் வேலை செய்யவில்லை" என்று அனுப்பினால் "எங்களிடம் வேலை செய்கிறது" என்று பதில் வரும், இது ஊரறிந்த விஷயம். என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், கடைக்கு என்ன பாதிப்பு, ஒரு புகைப்படம். இவ்வளவும் இருந்தால் அவர்களால் தட்டிக்கழிக்க முடியாது. பாதிப்பை ரூபாயிலோ நிமிடத்திலோ எழுதுங்கள்.

முடிவுக்கு நாங்கள் வைத்த விதி எளிது. முதல் கட்டு ஒன்பது வரியில் ஒன்று விழுந்தாலும் மீதிப் பணம் கிடையாது. இரண்டாவது கட்டில் விழுந்தவற்றுக்குத் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்வது. இந்த விதியைச் சோதனைக்கு முன்பே மாமாவும் கம்பெனிக்காரரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள், பிறகு பேசினால் அது பேரமாகிவிடும்.

கடைசியாக ஒரு வாரம் இரண்டையும் சேர்த்து ஓட்டினோம், துண்டுச்சீட்டும் கணினியும். ராத்திரி மூன்று தொகையை எழுதுவோம்: சீட்டு மொத்தம், கணினி மொத்தம், கல்லாவில் உள்ள பணம். மூன்றும் சேராத நாளில் எந்தப் பில்லில் விலகியது என்று கண்டுபிடிக்காமல் ஷட்டரை இறக்குவதில்லை. மூன்றாம் நாள் 112 ரூபாய் குறைந்தது, ராத்திரி பத்தரை வரை தேடினோம், கடைசியில் ரத்து செய்த ஒரு பில் ரத்தாகாமலே மொத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. மாமா முதலில் சாமான் எடுக்கும் பையனைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். பிரிட்டனில் இதே காரியம் பெரிய அளவில் நடந்திருக்கிறது. அஞ்சலகக் கிளைகளில் 1999இல் புகுத்திய ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் பணம் குறைகிறது என்று காட்டியதை நம்பி 900க்கும் மேற்பட்ட கிளை நடத்துநர்களுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள், அந்தத் தீர்ப்புகளை மொத்தமாக ரத்து செய்யச் சட்டம் வர 2024 ஆனது. கணினி சொல்வதும் கல்லா சொல்வதும் மோதினால் கணினியையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் சீட்டை நிறுத்தினோம். பாக்கி நோட்டு மட்டும் இன்னும் கல்லாவுக்குக் கீழே இருக்கிறது, மாமா எடுக்க விடவில்லை, அதை நானும் வற்புறுத்தவில்லை.

ஒரு வேலை மட்டும் முடியாது: அப்டேட். கம்பெனிக்காரர் ஒன்றைச் சரி செய்து அனுப்பும்போது இன்னொன்று உடைந்து வரும். அரிசி நான்கு, 38 ரூபாய், கொத்தமல்லி, சோப்பு ரிட்டன், காரைக்கால் பில், கரண்டைப் பிடுங்குவது என்று இருபது சோதனையை ஒரு அட்டையில் எழுதி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். அப்டேட் வந்த மறுநாள் காலையில் கடை திறக்கும் முன் நாற்பது நிமிஷம் போட்டுப் பார்த்துவிட்டு, ஏதாவது விழுந்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். போன மாதம் "நெல்லிக்காய் ஊ" திரும்ப வந்துவிட்டது.